நினைவிடம் இருக்கிறது, நிலம் எங்கே?

2001 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் அமைத்த விசாரணை ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் டல்சா நகரின் கிரீன்வுட் பகுதியில் வெள்ளையர் கும்பல் நடத்திய படுகொலையைப் பற்றிய அறிக்கை அது. அதில் ஐந்து பரிந்துரைகள் இருந்தன. உயிரோடு இருப்பவர்களுக்கு நேரடி இழப்பீடு, சொத்தை இழந்தவர்களின் வாரிசுகளுக்கு இழப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, கிரீன்வுட்டில் தொழில் வளர ஒரு சிறப்புப் பொருளாதார வட்டாரம், கடைசியாக ஒரு நினைவிடம். அதே ஆண்டு மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. படுகொலையில் உயிர் தப்பிய முதியவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இழப்பீடு என்ற பேச்சு சட்டத்தில் இல்லை. நினைவிடத்துக்கு வழி பிறந்தது. 2010-இல் அது ஒரு பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இன்று டல்சாவில் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. பூங்கா, அருங்காட்சியகம், கருங்கல் சின்னம், நடைபாதைத் தகடுகள், சுவரோவியங்கள், பெயர் மாற்றப்பட்ட தெரு என்று எல்லாம் உண்டு. ஒரு நகரம் தன் குற்றத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லிலும் உலோகத்திலும் எழுதி வைப்பது உலகில் அபூர்வம்தான். ஆனாலும் அந்தச் சின்னங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் உறுத்தும். அவற்றில் பெரும்பாலானவை 1921-இன் இரண்டு நாள்களைப் பற்றிப் பேசுகின்றன. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளில் அந்த நிலத்துக்கு என்ன ஆனது என்பதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுகின்றன. கிரீன்வுட்டின் கதையில் அந்த அடிக்குறிப்புதான் பாதிக் கதை என்பது என் கருத்து.

ஓக்லஹோமா 1907-இல்தான் மாநிலமானது. புதிய சட்டமன்றம் செய்த முதல் வேலைகளில் ஒன்று ரயிலிலும் ரயில் நிலையத்திலும் கறுப்பினத்தவரைப் பிரித்து வைக்கும் சட்டம். எண்ணெய்ப் பணம் கொழித்த டல்சாவில் வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வேலை செய்த கறுப்பின மக்கள் ஃப்ரிஸ்கோ ரயில் பாதைக்கு வடக்கே குடியிருந்தார்கள். பாதைக்குத் தெற்கே சம்பாதித்த காசை அங்கே செலவழிக்க விடமாட்டார்கள். ஆகவே காசு வடக்கே வந்தது, அங்கேயே சுழன்றது. ஓ. டபிள்யூ. கர்லி நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்து விற்றார். ஜே. பி. ஸ்ட்ராட்ஃபோர்டு 54 அறைகள் கொண்ட ஹோட்டல் கட்டினார். ஜான் வில்லியம்ஸ், லூலா வில்லியம்ஸ் தம்பதி கார் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி, இனிப்புக்கடை, பிறகு ட்ரீம்லேண்ட் என்ற திரையரங்கு என்று வளர்ந்தார்கள். இரண்டு செய்தித்தாள்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தையல்கடைகள், தேவாலயங்கள் எல்லாம் இருந்தன. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழ்ந்த பகுதி அது. பிற்காலத்தில் ‘கறுப்பு வால் ஸ்ட்ரீட்’ என்று புகழப்பட்டாலும் அங்கே எல்லாரும் செல்வந்தர்கள் அல்ல. பலகை வீட்டில் குடியிருந்த சலவைக்காரர்களும் சமையல்காரர்களும்தான் பெரும்பான்மை. இதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நினைவுச் சின்னங்கள் முதலாளிகளின் பெயர்களை எளிதில் பதிக்கின்றன. வாடகை வீட்டில் இருந்த சலவைக்காரிக்குத் தகடு கிடையாது.

1921 மே 30. காலணிக்குப் பாலிஷ் போடும் 19 வயது டிக் ரோலண்ட், ட்ரெக்சல் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினார். லிஃப்டை இயக்கிய வெள்ளைப் பெண் அலறினாள். என்ன நடந்தது என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. காலில் மிதித்திருக்கலாம், தடுமாறிக் கையைப் பிடித்திருக்கலாம் என்பார்கள். பிறகு அந்தப் பெண் வழக்கு நடத்த விரும்பவில்லை, குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது. ஆனால் மறுநாள் பிற்பகல் ‘டல்சா ட்ரிப்யூன்’ முதல் பக்கத்தில் அவர் பெண்ணைத் தாக்கியதாகச் செய்தி வெளியிட்டது. மாலைக்குள், ரோலண்ட் காவலில் இருந்த நீதிமன்றத்தைச் சுற்றி வெள்ளையர் கூட்டம் திரண்டது. அவரைக் கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சிய கறுப்பினத்தவர், அவர்களில் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களும் உண்டு, துப்பாக்கியோடு வந்து காவலுக்கு நிற்பதாகச் சொன்னார்கள். ஒரு துப்பாக்கியைப் பறிக்க நடந்த இழுபறியில் குண்டு வெடித்தது.

அதன்பின் காவல்துறை செய்த காரியம்தான் முக்கியம். நூற்றுக்கணக்கான வெள்ளையரைத் தற்காலிகக் காவலர்களாக உறுதிமொழி ஏற்க வைத்து ஆயுதமும் கொடுத்தார்கள். ஜூன் 1 விடியலில் கும்பல் ரயில் பாதையைத் தாண்டியது. வீடு வீடாகப் போய் ஆள்களை வெளியேற்றி, பொருளைக் கொள்ளையடித்து, பிறகு தீ வைத்தார்கள். மேலே தனியார் விமானங்கள் பறந்தன. அவற்றிலிருந்து எரிபொருள் வீசப்பட்டதை வழக்கறிஞர் பி. சி. ஃபிராங்க்ளின் 1931-இல் எழுதிய பத்துப் பக்கத் தட்டச்சுப் படி சொல்கிறது. அது 2015-இல்தான் வெளிச்சத்துக்கு வந்து, இப்போது ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மருத்துவர் ஏ. சி. ஜாக்சன் கைகளை உயர்த்தியபடி தன் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது சுடப்பட்டார். முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் சாம்பலாயின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 1,256 வீடுகள் எரிந்தன. அன்றைய அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 36 பேர். உண்மையில் 300 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாநாட்டு மண்டபத்திலும் பேஸ்பால் மைதானத்திலும் கண்காட்சித் திடலிலும் அடைக்கப்பட்டார்கள். வெள்ளைக்கார முதலாளி ஒருவர் பொறுப்பேற்றால்தான் விடுதலை. வெளியே வந்தவர்கள் பச்சை அட்டையை உடையில் குத்திக்கொண்டு நடக்க வேண்டும். கொலை செய்தவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஹோட்டல் உரிமையாளர் ஸ்ட்ராட்ஃபோர்டு மீது கலவரத்தைத் தூண்டியதாக வழக்குப் போட்டார்கள். தப்பியோடிய அவர் மீதான குற்றச்சாட்டு நீங்க 1996 வரை ஆனது. அப்போது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கடந்திருந்தன.

தீயை அடுத்து வந்தது சட்டம். ஜூன் 7 அன்று, சாம்பல் ஆறுமுன்னரே, நகர நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. எரிந்த பகுதியில் இனிக் கட்டுகிறவர்கள் தீப்பிடிக்காத பொருளால்தான் கட்ட வேண்டும். பலகை வீட்டில் இருந்தவனுக்குச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பணம் ஏது? கட்ட முடியாதவன் விற்றுவிட்டுப் போவான், அந்த நிலத்தில் ரயில் நிலையமும் கிடங்குகளும் வரும் என்பது கணக்கு. ஃபிராங்க்ளினும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கூடாரத்தில் அலுவலகம் போட்டு வழக்கு நடத்தி அந்த ஆணையை உடைத்தார்கள். கூடாரத்துக்குள் மேசையில் சட்டப் புத்தகங்களோடு அவர்கள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. டல்சா பற்றிய எல்லாப் படங்களிலும் எனக்கு அதுதான் முதன்மையானது. எரிந்த வீடுகளின் படங்களையும் பிணங்களின் படங்களையும் அன்றைக்கு அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். அவற்றைத்தான் இப்போது கண்காட்சிகளில் பெரிதாக்கி மாட்டுகிறார்கள்.

இழப்பீடு கேட்டு நகரத்திடம் சுமார் 18 லட்சம் டாலருக்கு மனுக்கள் வந்தன. கறுப்பினத்தவர் மனு எல்லாம் தள்ளுபடி. கும்பல் எடுத்துப்போன துப்பாக்கிகளுக்காக வெள்ளைக்கார அடகுக்கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் பணம் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் இருந்த கலவர விலக்கைக் காட்டிக் கைவிரித்தன. இத்தனைக்கும் பிறகு அந்த மக்கள் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்துவிட்டு, கடன்பட்டு, தங்கள் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். 1925-இல் தேசிய கறுப்பின வணிகக் கழகம் தன் மாநாட்டை டல்சாவில் நடத்தியது. 1942-இல் கிரீன்வுட்டில் 240-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் இருந்தன. மவுண்ட் சயான் தேவாலயத்தின் கதை இன்னும் கடுமையானது. 1921 ஏப்ரலில் திறந்த புதிய கட்டடம் இரண்டே மாதத்தில் எரிந்தது, அடமானக் கடன் எரியவில்லை. இல்லாத கட்டடத்துக்கு வாங்கிய கடனை உறுப்பினர்கள் இருபது ஆண்டுகள் அடைத்தார்கள். அதன்பின் பணம் சேர்த்து 1952-இல் மீண்டும் கட்டினார்கள்.

ஆக, கிரீன்வுட் 1921-இல் முடிந்துபோன ஊர் அல்ல. இந்த ஒரு செய்தியைப் பெரும்பாலான வருகையாளர்கள் அறியாமலே திரும்பிப் போகிறார்கள். இன்று நாம் காணும் வெறுமைக்குத் தீ காரணமல்ல. 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி, கூட்டாட்சி நெடுஞ்சாலை 244 கிரீன்வுட்டின் நெஞ்சுக்குக் குறுக்கே போடப்பட்டது. கூடவே ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் வீடுகளும் கடைகளும் கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. நேர்மையாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நிறப்பிரிவினை தளர்ந்தபோது கறுப்பின வாடிக்கையாளர்கள் தெற்கே கடைக்குப் போகத் தொடங்கினார்கள், அதனாலும் கிரீன்வுட் மெலிந்தது. ஆனால் மெலிந்த ஊர் பிழைத்துக்கொள்ளலாம், மேம்பாலத்தின் அடியில் போன ஊர் பிழைக்காது. மிஞ்சியது ஆர்ச்சர் தெரு முனையில் ஒரே ஒரு வரிசைச் செங்கல் கட்டடங்கள். எஞ்சிய நிலத்தில் இப்போது மாநிலப் பல்கலைக்கழக வளாகமும், 2010-இல் கட்டிய பேஸ்பால் மைதானமும், புதிய அடுக்குமாடிகளும் நிற்கின்றன. 1921-இல் கறுப்பினத்தவரை அடைத்து வைத்த இடங்களில் ஒன்று பேஸ்பால் மைதானம் என்பதைத் திட்டமிட்டவர்களில் எத்தனை பேர் யோசித்தார்களோ தெரியாது.

இந்தப் பின்னணியில் சின்னங்களைப் பார்ப்போம். ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் நல்லிணக்கப் பூங்கா, வழக்கறிஞர் ஃபிராங்க்ளினின் மகனும் பெரும் வரலாற்றாசிரியருமானவரின் பெயரைத் தாங்கியது. சிற்பி எட் டுவைட். 25 அடி உயரக் கோபுரத்தில் கறுப்பின மக்களின் வரலாறு சுழன்று ஏறுகிறது. நுழைந்ததும் மூன்று வெண்கல உருவங்கள். துப்பாக்கி ஏந்திய வெள்ளையன் பகைமை, கைகளை உயர்த்திய கறுப்பினத்தவர் அவமானம், செஞ்சிலுவைச் சங்கத்தின் மாரிஸ் வில்லோஸ் கறுப்புக் குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பது நம்பிக்கை. மூன்றும் 1921-இன் புகைப்படங்களைத் தழுவியவை. வில்லோஸ் பாராட்டுக்குரிய மனிதர்தான், அவர் அறிக்கை இல்லாமல் நமக்குப் பாதிக் கணக்கு கிடைத்திருக்காது. ஆயினும் நம்பிக்கைக்கு உருவம் தேடியபோது, கூடாரத்தில் உட்கார்ந்து வழக்கு நடத்திய மூன்று வழக்கறிஞர்கள் நினைவுக்கு வராமல், உதவிக்கு வந்த வெள்ளைக்காரர் நினைவுக்கு வந்தது எனக்கு ஏற்பாக இல்லை. அதிலும் அந்தக் கூடாரத்தில் இருந்தவரின் மகன் பெயரில் அமைந்த பூங்காவில்!

நூற்றாண்டையொட்டி 2021-இல் ஏறக்குறைய மூன்று கோடி டாலர் திரட்டி ‘கிரீன்வுட் ரைசிங்’ அருங்காட்சியகம் கட்டினார்கள். நல்ல அருங்காட்சியகம். ஆனால் அப்போது உயிரோடிருந்த மூன்று முதியவர்கள், தங்கள் கதையைக் காட்டிப் பணம் திரட்டப்படுகிறது, தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே மே மாதத்தில் ஆளுநர், இனம் பற்றிய பாடங்களுக்கு வரம்பு கட்டும் மாநிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார், அதனால் நூற்றாண்டு நிகழ்வுகளை நடத்திய குழு அவரைத் தன் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கியது. தெருப் பெயரின் கதை நகைப்புக்குரியது. நகரின் நிறுவனர்களில் ஒருவரான டேட் பிராடி கூ க்ளக்ஸ் கிளான் உறுப்பினர் என்பது பேசுபொருளானபோது, 2013-இல் நகர மன்றம் பிராடி தெருவை எம். பி. பிராடி தெரு ஆக்கியது. உள்நாட்டுப் போரைப் படம் பிடித்த புகைப்படக்காரர் மேத்யூ பிராடியை அது குறிக்குமாம். அவருக்கும் டல்சாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பலகையில் இரண்டு எழுத்தைச் சேர்த்து நூறாண்டுக் கறையைத் துடைக்கப் பார்த்தார்கள். பின்னர்தான் அது ‘நல்லிணக்க வழி’ ஆனது.

இவை எல்லாவற்றையும்விட நடைபாதையில் பதித்த சிறு தகடுகளை நான் உயர்வாக மதிக்கிறேன். கிரீன்வுட் தெருவில் நடந்து போகிறவர் காலடியில் அவை வரிசையாக வரும். கடையின் பெயர், கதவு எண், 1921-இல் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு, கடைசியாக ‘மீண்டும் திறக்கப்பட்டது’ அல்லது ‘மீண்டும் திறக்கப்படவில்லை’. அவ்வளவே. உருவகம் இல்லை, அறிவுரை இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக் குறிப்பைப் போலத் தரவை மட்டும் சொல்லும் சின்னம். அந்தக் கடைசி வரிதான் மற்ற எந்தச் சின்னமும் சொல்லாததைச் சொல்கிறது, தீக்குப் பிறகும் இங்கே மனிதர்கள் கடை திறந்தார்கள் என்பதை. வெர்னன் தேவாலயத்தின் அடித்தளமும் அப்படித்தான். மேல்கட்டடம் எரிந்தும் தப்பிய அந்த அறைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அதற்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரைகிறது.

நினைவிடம் என்ற பேச்சில் மிக நீண்ட காலம் ஒதுக்கப்பட்ட இடம் ஓக்லான் கல்லறைத் தோட்டம். நகராட்சிக்குச் சொந்தமானது, கிரீன்வுட்டுக்கு அருகில் உள்ளது. படுகொலையில் இறந்தவர்கள் என்று பெயர் பொறித்த நடுகல் அங்கே இரண்டே இரண்டு பேருக்கு இருந்தது, ரூபன் எவரெட், எடி லாக்கார்ட். 1999-இல் கிளைட் எடி என்ற முதியவர் முன்வந்து, பத்து வயதுச் சிறுவனாக அந்தத் தோட்டத்தின் வழியே போனபோது மரப்பெட்டிகளில் கறுப்பினத்தவரின் உடல்களையும், அருகே பள்ளம் வெட்டுகிறவர்களையும் பார்த்ததாகச் சொன்னார். நிலத்தை ஊடுருவும் ராடார் கொண்டு ஆராய்ந்தார்கள், ஆனால் தோண்டவில்லை. 2018-இல் மேயர் ஜி. டி. பைனம் தேடலை மீண்டும் தொடங்கினார். தோண்டும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவியவற்றுள் ஒன்று ஈமச்சடங்கு நிறுவனத்தின் பழைய பேரேடு. கறுப்பின ஆண்கள் பதினெட்டுப் பேரை மாவட்டச் செலவில் அடக்கம் செய்ததாக அதில் கணக்கு இருந்தது. கொலையை மறைத்தவர்களாலும் பெட்டிக்கான செலவுக் கணக்கை விட முடியவில்லை. 2020 அக்டோபரில் அந்தப் பகுதியில் சவப்பெட்டிகள் தென்பட்டன. சில எலும்புகளில் துப்பாக்கிக் காயம் இருந்தது. எலும்புகளை ஆராய்ந்த தடயவியல் மானுடவியலாளர் ஃபீபி ஸ்டபிள்ஃபீல்டின் அத்தை ஒருவர் 1921-இல் டல்சாவில் வீட்டை இழந்தவர்.

2024 ஜூலையில் முதல் பெயர் கிடைத்தது, சி. எல். டேனியல். ஜார்ஜியாவைச் சேர்ந்த முதல் உலகப் போர் வீரர். மரபணுச் சோதனை வழியைக் காட்டியது, உறுதிப்படுத்தியது ஒரு பழைய கடிதம். மகனின் சாவுக்காகத் தாய்க்கு உதவி கேட்டு 1936-இல் வழக்கறிஞர் ஒருவர் முன்னாள் படைவீரர் நிர்வாகத்துக்கு எழுதியது அது. அதாவது டேனியல் டல்சாவில் கொல்லப்பட்டார் என்பது அரசுக் கோப்பில் எண்பத்தெட்டு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. ‘மறைக்கப்பட்ட வரலாறு’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் கவனம் தேவை. ‘ட்ரிப்யூன்’ நாளிதழின் அந்த முதல் பக்கச் செய்தி, மைக்ரோஃபிலிம் எடுக்கும் முன்பே தொகுப்பிலிருந்து கிழித்தெடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் ஆசிரியை மேரி ஜோன்ஸ் பாரிஷ் சில ஆண்டுகளுக்குள்ளேயே சாட்சியங்களைத் திரட்டிப் புத்தகம் வெளியிட்டார். 1971-இல் எட் வீலர் எழுதிய கட்டுரையை வர்த்தகச் சபை இதழ் வெளியிட மறுத்தபோது, கறுப்பினத்தவர் நடத்திய ‘இம்பாக்ட்’ இதழ் வெளியிட்டது. கிரீன்வுட் மறக்கவில்லை. கேட்க விரும்பாதவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீதிமன்றக் கதை சுருக்கமானது. வயோலா ஃபிளெட்சர், லெஸி ராண்டில், ஹியூஸ் வான் எல்லிஸ் ஆகிய மூவரும் 2020-இல் தொடங்கிய வழக்கில் இணைந்து வாதாடினார்கள். படுகொலையின் கேடு இன்னும் தொடர்கிறது, அதனால் இது பொதுத்தொல்லைச் சட்டத்தின் கீழ் வரும் என்பது வாதம். வான் எல்லிஸ் 2023-இல் இறந்தார். 2024 ஜூன் 12 அன்று ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ததை உறுதி செய்தது. 2025 ஜனவரியில் கூட்டாட்சி நீதித்துறை, 1921-இல் நடந்தது தானாகக் கட்டுமீறிய கும்பல் வெறி அல்ல, படை நடவடிக்கை போல ஒருங்கிணைக்கப்பட்ட தாக்குதல் என்று அறிக்கை தந்து, குற்றவாளிகள் யாரும் உயிரோடு இல்லை என்று கோப்பை மூடியது.

அதே ஆண்டு ஜூன் 1 அன்று நகரின் முதல் கறுப்பின மேயர் மன்ரோ நிக்கோல்ஸ் 10.5 கோடி டாலர் தனியார் நிதியில் ஓர் அறக்கட்டளை அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். கட்டடப் பாதுகாப்புக்கும் பகுதி மேம்பாட்டுக்கும் 6 கோடி, வாரிசுகளின் வீட்டு வசதிக்கு 2.4 கோடி, நிலம் வாங்கவும் கல்வி உதவிக்கும் 2.1 கோடி. நேரடிப் பணம் இதிலும் இல்லை. ஆனாலும் ‘நிலம் வாங்க’ என்ற சொற்கள் அரசுத் தரப்பிலிருந்து வந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2001-இன் நான்காம் பரிந்துரை எழுப்பிய பிரச்சினையை நோக்கி, இருபத்துநான்கு ஆண்டு தாமதமாக, ஓர் அடி. நெடுஞ்சாலை 244-இன் கிரீன்வுட் பகுதியை அகற்ற முடியுமா என்று ஆராயக் கூட்டாட்சி அரசு 2023-இல் 16 லட்சம் டாலர் ஒதுக்கியது. சாலையை எடுத்தால் வெளிப்படும் நிலம் யாருக்குப் போகும் என்பதை இப்போதே எழுதி வைக்காவிட்டால், அங்கேயும் அடுக்குமாடிகள்தான் வரும்.

டல்சா நகர நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது புதிய சிலை அல்ல. நடைபாதைத் தகடுகளில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் இருக்கிறது. மீண்டும் திறந்த கடை எந்த ஆண்டு, யாரால், எவ்வளவு பணத்துக்குக் கையகப்படுத்தப்பட்டது என்பது ஒரு வரி. அந்த மனை இன்று யார் பெயரில் இருக்கிறது என்பது இன்னொரு வரி. இரண்டுக்கும் ஆதாரம் மாவட்டப் பத்திரப்பதிவு ஆவணங்களில் தேட வேண்டியது, அவை பொது ஆவணங்கள். அறக்கட்டளைப் பணத்தில் முதல் செலவு இதற்காகத்தான் இருக்க வேண்டும்.